முகம் எழுதிய பிஷன்தாசர்

நிழற்படக் கருவி தோன்றாத காலத்தில் ஒருவர் முகத்தை மற்றொருவர் அறிவதற்கு வழிகள் இரண்டே இருந்தன. ஒன்று, நேரிற் சென்று காண்பது; மற்றொன்று, கண்டு வந்தவர் சொல்லக் கேட்பது. எளிய மக்களுக்கு முன்னையது எவ்வாற்றானும் இயலும். நினைத்த மாத்திரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு உறவினர் ஊருக்குப் புறப்பட்டுவிடலாம். பேரரசர்களுக்கோ அஃது இயலாது. ஓர் அரசன் மற்றோர் அரசனது நாட்டிற்குட் புகுவானாயின் படையோடுதான் புகுவான். படையோடு புகுந்தபின் முகம் பார்த்து மகிழும் அமைதி அங்கே ஏது? ஆதலின், அயல்நாட்டு மன்னன் விடுத்த கடிதத்தைப் படித்து, அவன் அனுப்பிய குதிரைகளையும் பட்டாடைகளையும் ஏற்று, அவனை உடன்பிறந்தான் என்று ஓலைதோறும் விளித்து, ஆயினும் அவன் முகத்தை ஒருநாளேனும் காணாமலே வாழ்ந்து மறைந்த மன்னர் பலராவர்.

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழியொன்றைக் கண்டார். கண்ணாற் கண்டதைக் கண்டவாறே எழுதவல்ல ஓவியர் ஒருவரைத் தூதரோடு அனுப்பி, அயல்நாட்டு மன்னர் முகத்தைத் தாளில் எழுதுவித்து வரவழைப்பதே அவ்வழி. அவ்வாறு பாரசீக நாட்டிற்குச் சென்று, ஆண்டுகள் பல அங்கே கழித்து, ஷா அப்பாஸ் என்னும் மன்னரின் முகத்தை இந்தியாவிற்குக் கொண்டுவந்து சேர்த்தவர் பிஷன்தாசர்.

பிஷன்தாசர் தொழில் பயின்றது பேரரசர் அக்பரின் ஓவியச்சாலையில் ஆகும். அக்பரின் தந்தையாராகிய ஹுமாயூன், நாடிழந்து பாரசீகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில் அந்நாட்டு ஓவியக் கலையைக் கண்டு வியந்தவர். மீர் சையத் அலி, அப்துஸ் ஸமத் என்னும் பெருங்கலைஞர் இருவரை அவர் தம்மோடு அழைத்துக்கொண்டார். அவ்விருவரையும் ஆசிரியராகக் கொண்டு அக்பர் காலத்தில் ஓவியச்சாலை பெருகிற்று. குஜராத்திலிருந்தும், குவாலியரிலிருந்தும், காஷ்மீரத்திலிருந்தும் கலைஞர் பலர் வந்து கூடினர். அவர்களுள் இந்துக்கள் மிகப் பலர். பல்லக்குச் சுமப்பவர் ஒருவரின் மகனாகிய தஸ்வந்தன் என்னும் சிறுவன் சுவர்களிற் கிறுக்கியிருந்ததைப் பேரரசரே கண்டு, அவனை அப்துஸ் ஸமதிடம் ஒப்புவித்தார் என்பது வரலாறு. குலமும் செல்வமும் கேளாமல் கையின் திறத்தை மட்டும் கேட்ட இடம் அது.

அவ்விடத்தில் நன்ஹா என்னும் ஓவியர் ஒருவர் இருந்தார். முகம் எழுதுவதில் அவர் தேர்ந்தவர். பிஷன்தாசர் அவருடைய உடன்பிறந்தார் மகன். அக்காலத்தில் தொழில்கள் யாவும் குடும்பத்தோடு ஒட்டியே வளர்ந்தன. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு உளி விளையாட்டுப் பொருளாவது போல, ஓவியர் வீட்டுப் பிள்ளைக்குத் தூரிகை விளையாட்டுப் பொருளாயிற்று. பேரரசின் ஓவியச்சாலையிலோ சிற்றப்பனும் மகனும் ஒரே தாளின்மேல் வேலை செய்யவும் நேர்ந்தது. அதனைச் சற்று விளக்கிக் கூறல் வேண்டும்.

முகலாயர் சாலையில் ஓர் ஓவியத்தை ஒருவரே எழுதி முடித்தல் அக்பர் காலத்தில் பெரும்பான்மை வழக்கமன்று. மூத்த கலைஞர் ஒருவர் படம் எவ்வாறு அமைய வேண்டும் என்று கோட்டுருவம் வரைந்து கொடுப்பார். மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். முகங்கள் மட்டும், அதற்கென்றே பெயர்பெற்ற மூன்றாமவர் கைக்குச் செல்லும். அரசரும் அமைச்சரும் தாமே படத்தில் இடம்பெறுவதால், முகம் பிழைபட்டால் படமே பிழைபட்டதாகும் அன்றோ? யார் யார் எதனைச் செய்தார் என்பதை ஏட்டின் அடியில் எழுத்தர் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளாலேயே இக்கலைஞர் பலரின் பெயர் நமக்குத் தெரிய வந்தது.

அக்பரின் பாட்டனாராகிய பாபர் தம் வாழ்க்கையைத் துருக்கி மொழியில் எழுதியிருந்தார். அதனை அப்துர் ரஹீம் என்னும் பெருமகனார் பாரசீகத்தில் மொழிபெயர்த்து 1589ஆம் ஆண்டில் அக்பருக்கு அளித்தார். பின்னர் அந்நூலுக்கு ஓவியங்கள் எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்று, பாபர் தம் தோட்டத்தை அமைப்பிக்கும் காட்சி. நாற்புறமும் நீரோடும் கால்வாய். மாதுளையும் ஆரஞ்சும் பழுத்து நிற்கும் மரங்கள். கயிறு பிடித்து நிலம் அளப்போர். மண்வெட்டியோடு நிற்கும் தொழிலாளர். இவர்களுக்குக் கட்டளையிட்டு நிற்கும் பாபர். இவ்வளவையும் வண்ணங்கொண்டு எழுதியவர் பிஷன்தாசர். ஆனால் முகங்களை எழுதியவர் நன்ஹா! பின்னாளில் முகம் எழுதுவதில் தமக்கு நிகரில்லை என்று பெயர்பெற்றவர் தம் இளமையில் முகம் எழுத இடம்பெறவில்லை. சிற்றப்பனார் வந்து எழுதும் வரை அவ்விடங்களை வெற்றிடமாக விட்டுவைத்தார். இலண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ள அந்த ஏட்டைப் பார்க்கும்போதெல்லாம், அவ்வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரின் நினைவே எனக்கு முந்தி எழுகிறது.

பழந்தமிழர் ஓவியரைக் கண்ணுள்வினைஞர் என்று வழங்கினர். காண்போர் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் பொருள். ஓவியத்தை ‘எழுதுதல்’ என்பதும் நம் முன்னோர் வழக்கே. முகலாயர் சாலையில் நடந்த வேலைக்கு இவ்விரு சொற்களும் பெரிதும் பொருந்தும். ஏனெனில் அப்படங்கள் சுவரில் மாட்டுவதற்கானவை அல்ல. நூலைப் போலக் கையிலேந்திக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதற்கானவை. மெல்லிய தாள்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அதன்மேல் வெண்பூச்சுப் பூசி, கோட்டுருவம் வரைவர். பின் வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவர். ஒவ்வொரு முறையும் தாளைக் கவிழ்த்து வைத்து, வழவழப்பான கல்லொன்றால் முதுகுப்புறம் தேய்ப்பர். அதனால் வண்ணம் தாளோடு இறுகி மெருகேறும். நீலத்திற்குப் பதக்ஷான் மலைநாட்டுக் கல்லை அரைத்தனர். மஞ்சளுக்கு அரிதாரம், செந்நிறத்திற்குச் சிந்தூரம், கருமைக்கு விளக்குக் கரி, ஒளிக்குப் பொன்னையே பொடியாக்கினர். தூரிகைகள் அணிலின் வால்மயிரால் ஆனவை. கண்ணிமை எழுதும் தூரிகை ஒற்றை மயிரில் முடியும் என்பர். நகத்தளவான முகத்தில் தாடியின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே காணலாம்.

இனி, இம்முகங்கள் ஏன் வேண்டப்பட்டன என்பதைக் காண்போம். அக்பர் தம் உருவத்தை எழுதுவதற்குத் தாமே அமர்ந்து கொடுத்தார். தம் அவையிலிருந்த பெருமக்கள் எல்லாரையும் எழுதுமாறு கட்டளையிட்டார். அப்படங்கள் அனைத்தும் தொகுக்கப்பெற்றுப் பெரியதொரு படச்சுவடி உருவாயிற்று. இறந்தோர் அதனால் மீண்டும் உயிர்பெற்றதாகவும், இருப்போர் அழியா நிலை பெற்றதாகவும் அவர் காலத்து வரலாற்றாசிரியராகிய அபுல் பசல் கருதினார். இதனைப் புகழ்மொழி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அக்பரின் பேரரசில் துருக்கியர், பாரசீகர், ஆப்கானியர், இராசபுத்திரர் எனப் பலவகை இனத்தாரும் பணியில் இருந்தனர். இன்று வங்காளத்தில் இருப்பவர் நாளை காபூலுக்கு மாற்றப்படுவார். எங்கோ தொலைவில் இருக்கும் தலைவரின் முகத்தைச் சுவடியிற் பார்த்து அவர் எத்தகையவர் என்று எண்ணிப்பார்ப்பது ஆட்சிக்கும் உதவும் அன்றோ?

1605ஆம் ஆண்டில் அரியணை ஏறிய ஜஹாங்கீர் இத்துறையில் தந்தையினும் பெரு விருப்பினர். பலர் சேர்ந்து எழுதிய ஒரே படத்தில் எந்த முகம் எவர் கைவண்ணம் என்று தம்மாற் பிரித்துச் சொல்ல முடியும் என்றும், ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் எழுதியிருந்தாலும் அதனையும் கண்டுபிடிக்க முடியும் என்றும் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் பெருமிதத்தோடு எழுதியுள்ளார். இத்தகைய கண்ணுடையாரிடம் பணி செய்வது எளிதன்று. அவர் காலத்தில் சாலையிலிருந்த ஓவியர் தொகை குறைந்தது. எஞ்சியவர் திறம் மிகுந்தது. ஒரு படத்தை ஒருவரே முழுதும் எழுதும் வழக்கமும் வலுப்பெற்றது. வெற்றிடம் விட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை பிஷன்தாசருக்கு அதன்பின் இல்லை.

அவர் எழுதிய பெருமக்கள் படங்களுள் ஒன்று, ஜோத்பூர் மன்னரும் பேரரசின் படைத்தலைவருமாகிய சூரசிங்கின் படம். சூரசிங்கின் தங்கையார் ஜஹாங்கீரின் மனைவியருள் ஒருவர். பின்னாளில் ஷாஜஹான் என்று பெயர்பெற்ற இளவரசர் குர்ரமை ஈன்ற தாய். ஆகவே அப்படம் படைத்தலைவரின் படமாகும்போதே மைத்துனரின் படமும் ஆகிறது. இளவரசருக்கோ அது தாய்மாமனின் படம். பின்னர் ஷாஜஹானுக்காகத் தொகுக்கப்பெற்ற படச்சுவடியில் அஃது இடம்பெற்றது. இப்போது நியூயார்க் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. முகலாய அவையில் அரசியல் எங்கே முடிந்து குடும்பம் எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு அந்த ஒரு தாளே சான்றாகும்.

அரண்மனைக்கு வெளியே உள்ளாரையும் அவர் எழுதினார். ஷேக் பூல் என்னும் துறவியின் வீட்டுத் திண்ணையை எழுதிய படம் ஒன்று வாரணாசியில் பாரத கலா பவனத்தில் உள்ளது. வீதியிற் போவோரும் வருவோரும் நிற்போருமாக அங்கே பலர் உளர். அவர்கள் பேர் விளங்காத எளிய மக்கள். ஆயினும் ஒருவர் முகம்போல மற்றொருவர் முகம் இல்லை.

அந்தப்புரத்தை எழுதுவதுதான் இக்கலைஞருக்கு அரிய பணி. ஆடவராகிய ஓவியர் அரசியரையும் இளவரசியரையும் நேரிற் பார்த்து எழுத அரண்மனை வழக்கம் இடந்தரவில்லை. சஹீஃபா பானு போன்ற பெண் ஓவியர் சிலர் அக்காலத்தில் இருந்தனர். ஆனால் அவர்கள் எழுதியனவாக நமக்குக் கிடைப்பவை மிகச் சில. பாஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ள படமொன்று இளவரசன் பிறப்பைக் காட்டுவது. அது பிஷன்தாசர் எழுதியது என்று அறிஞர் கருதுகின்றனர். ஈன்ற தாய் கட்டிலிற் கிடக்கிறாள். அருகே மூத்த அரசி அமர்ந்திருக்கிறாள். செவிலியர் குழந்தையை ஏந்துகின்றனர். பணிப்பெண்டிர் தட்டுகளோடு விரைகின்றனர். வாயிலுக்கு வெளியே சோதிடர்கள் பிறந்த நாழிகையைக் கணித்துக்கொண்டிருக்கின்றனர். ஜஹாங்கீர் பிறந்த காட்சியே இது என்பர். அவ்வாறாயின், தாம் பிறந்த அறையைப் பேரரசர் தம் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறார்! நேரிற் காணாத மகளிரை எழுதும்போதும் எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்காமல், முதுமையையும் இளமையையும் களைப்பையும் களிப்பையும் ஓவியர் வேறுபடுத்திக் காட்டியிருத்தல் நோக்கத்தக்கது.

1613ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் பாரசீக மன்னராகிய ஷா அப்பாஸிடம் தூதனுப்பத் துணிந்தார். தூதர் கான் ஆலம் என்னும் பட்டம் பெற்ற பெருமகனார். இரு நாடுகளுக்கும் இடையே காந்தகாரம் என்னும் கோட்டைநகர் இருந்தது. வாணிகப் பெருவழி அதனூடே சென்றது. 1595ஆம் ஆண்டில் அக்பர் கைக்கு வந்த அந்நகரைப் பாரசீகர் மறந்தாரல்லர். ஆகவே இருவரும் உடன்பிறந்தார் போல எழுதிக்கொண்ட கடிதங்களின் அடியில் காந்தகாரத்தின் நினைவும் இருந்தே வந்தது. ஷா அப்பாஸ் எத்தகையவர்? துருக்கியரை வென்று இழந்த நிலங்களை மீட்டவர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் முகம் எவ்வாறிருக்கும்? அவரைச் சூழ்ந்திருக்கும் அமைச்சர் எவ்வாறிருப்பர்? இதனை அறியும் வேட்கையால், மன்னரையும் அவர்தம் தலைவர்களையும் எழுதிக்கொண்டு வருமாறு பிஷன்தாசரைத் தூதரோடு அனுப்பினார் பேரரசர்.

யானைகளும், வேட்டைப் பருந்துகளும், அவற்றைப் பேணுவோரும், பணியாளர் பல நூற்றுவரும் சூழத் தூதுக்குழு மேற்கு நோக்கிச் சென்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் வண்ணப் பெட்டியோடு சென்ற ஓர் ஓவியரைப் பாரசீகத்தார் முதலில் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஷா அப்பாஸோ தம் நாட்டின் வடமேற்கு எல்லையில் போர்களில் ஈடுபட்டிருந்தார். தூதர் அவையேறும் நாள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 1618ஆம் ஆண்டில் கஸ்வீன் நகரில்தான் அக்காட்சி நிகழ்ந்தது. ஒரு முகத்தைக் காண்பதற்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு!

இவ்விடைக்காலத்தில் ஜஹாங்கீரின் அவையில் நடந்தவை சிலவற்றையும் சொல்லிச் செல்வோம். ஆங்கில மன்னரின் தூதராக வந்த சர் தாமஸ் ரோ, 1616ஆம் ஆண்டில் அஜ்மீரில் தம்மிடமிருந்த சிறு உருவப்படம் ஒன்றைப் பேரரசருக்குக் காட்டினார். அரண்மனை ஓவியர் அதனைப் பார்த்து ஐந்து படிகள் எழுதினார். ஆறையும் ஒன்றாக ஒட்டி விளக்கொளியில் காட்டியபோது, தம்முடையது எதுவென்று கண்டுபிடிக்க ரோ இடர்ப்பட்டார். மற்றொரு நிகழ்ச்சி மனத்தை உருக்குவது. இனாயத்கான் என்னும் அவைத்தலைவர் அபினி, மது ஆகியவற்றால் உடல் நலிந்து, 1618ஆம் ஆண்டில் எலும்பும் தோலுமாகப் பேரரசர் முன் கொண்டுவரப்பட்டார். அவர் நிலையைக் கண்டு திகைத்த ஜஹாங்கீர், ஓவியரை அழைத்து அந்நிலையிலேயே அவரை எழுதச் செய்தார். வழிச்செலவுக்கு 2,000 ரூபாயும் கொடுத்தனுப்பினார். மறுநாள் இனாயத்கான் உயிர் நீத்தார். இவ்வாறு எழுதச் செய்தது கொடுமை என்று சிலர் கூறுவர். எனக்கும் அப்படத்தைப் பார்க்கும்போது மனம் கூசுகிறது. ஆயினும் அலங்காரம் யாவும் கழன்ற ஒரு மனிதனை, அழகுபடுத்தாமலும் இகழாமலும் எழுதிய அக்கையை மறக்கவும் முடியவில்லை.

பிஷன்தாசர் திரும்புமுன்பே ஷா அப்பாஸின் படம் ஒன்று முகலாய அவையில் உருவாயிற்று. 1618ஆம் ஆண்டளவில் அபுல் ஹசன் என்னும் பேரோவியர், பேரரசர் கண்ட கனவொன்றை எழுதினார். உலகவுருண்டையின்மேல் ஜஹாங்கீரும் ஷா அப்பாஸும் தழுவி நிற்கின்றனர். ஜஹாங்கீர் பருத்து உயர்ந்த தோற்றத்தோடு சிங்கத்தின்மேல் நிற்கிறார். ஷா அப்பாஸோ மெலிந்து ஒடுங்கி ஆட்டுக்குட்டியின்மேல் நிற்கிறார். சிங்கமும் ஆடும் ஒன்றாகப் படுத்திருக்கின்றன என்பது மெய். ஆனால் சிங்கம் பாரசீக நிலத்தின்மேல் நீண்டு கிடந்து ஆட்டை நடுநிலக் கடலின் பக்கம் தள்ளுவதையும் காணலாம். வேலைப்பாட்டால் அதற்கு நிகர் அரிது. எனினும் அபுல் ஹசன் ஷா அப்பாஸை நேரிற் கண்டவரல்லர். பேரரசர் எவ்வாறு காண விரும்பினாரோ அவ்வாறே எழுதினார்.

நேரிற் காணும் பேறு பிஷன்தாசருக்கு வாய்த்தது. ஷா அப்பாஸ் ஆடம்பர உடையை விரும்பாதவர். குறுகிய உடற்கட்டும், மழித்த தாடையும், நீண்டு தொங்கும் மீசையும் உடையவர். கான் ஆலமிடம் பெரிதும் அன்பு பாராட்டினார். தூதர் அவைக்கு வராமல் தம் விடுதியில் தங்கிவிட்டால், அரசர் என்ற வேறுபாடு கருதாமல் தாமே அவ்விடம் சென்றுவிடுவாராம். கொலுவில் இருக்கும் அரசரை யாரும் காணலாம். நண்பர் இல்லத்தில் இயல்பாக அமர்ந்து உரையாடும் அரசரைக் காண்பது அரிது. தூதரோடு தங்கியிருந்த ஓவியருக்கு அவ்வாய்ப்பும் கிட்டியிருக்க வேண்டும். ஷாவை மட்டுமின்றி அவர் அவையின் முதன்மைத் தலைவருள் பெரும்பாலோரையும் அவர் எழுதி முடித்தார்.

1620ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் காஷ்மீரம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். வழியில் பஞ்சாபிலுள்ள கலானூரில் கான் ஆலம் வந்து அவரைக் கண்டார். அக்பர் சிறுவராக முடிசூட்டப்பெற்ற ஊர் அது. தூதர் கொணர்ந்த பொருள்களுள் பேரரசரை மிகக் கவர்ந்தது பழைய ஓவியம் ஒன்று. ஜஹாங்கீரின் முன்னோராகிய தைமூர், தொக்தாமிஷ்கானோடு செய்த போரைக் காட்டுவது அது. கலீல் மிர்சா ஷாருகி என்னும் ஓவியரின் பெயர் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. தைமூரும் அவர் மக்களும், போரில் உடனிருந்த தலைவர்களுமாக அதில் 240 உருவங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் இன்னார் என்று பெயரும் எழுதப்பட்டிருந்தது. தம் குலத்து முன்னோரின் முகங்களை அன்று ஒருங்கே கண்டார் பேரரசர்.

அதன்பின் பிஷன்தாசரின் படங்கள் விரிக்கப்பட்டன. ஜஹாங்கீர் அவற்றைத் தம் மதிப்பீடு ஒன்றையே கொண்டு ஏற்றாரல்லர். ஷா அப்பாஸின் பணியாளராய் இருந்து தம் அவைக்கு வந்தோரிடமெல்லாம் அப்படத்தைக் காட்டினார். எழுதியவர் அருகில் நிற்கப் பிறர் தீர்ப்புக் கூறும் அந்நேரம் எத்தகையதாய் இருந்திருக்கும்! ஏழாண்டுப் பயணமும் காத்திருப்பும் அவர்கள் வாயினின்று வரும் ஒரு சொல்லில் தங்கியிருந்தன. பார்த்தவர் அனைவரும் தம் அரசர் அவ்வாறே இருப்பார் என்றனர். உருவம் எழுதுவதில் தம் காலத்தில் இவருக்கு ஒப்பாவார் இல்லை என்று ஜஹாங்கீர் தம் குறிப்பில் எழுதினார். யானை ஒன்றையும் பரிசாக அளித்தார்.

படைத்தலைவர்க்கும் சிற்றரசர்க்கும் அளிக்கும் சிறப்பை ஓர் ஓவியர் பெற்றார். யானையைப் பெறுவது எளிது. அதனைக் கட்டித் தீனி போடுவதுதான் அரிது என்று நம் ஊரார் சொல்வர். ஓவியர் வீட்டு வாயிலில் யானை நின்றபோது அண்டை வீட்டார் என்ன பேசிக்கொண்டனரோ!

இரண்டே ஆண்டுகள் சென்றன. 1622ஆம் ஆண்டில் ஷா அப்பாஸ் படையெடுத்து வந்து காந்தகாரத்தைக் கைப்பற்றிக்கொண்டார். கனவோவியத்தில் ஆட்டுக்குட்டியின்மேல் நின்றவர் செய்த செயல் இது. அபுல் ஹசனின் ஓவியத்தையும் பிஷன்தாசரின் ஓவியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முன்னதில் உள்ளவர் கோட்டையைப் பிடிக்கக் கூடியவராகத் தோன்றார்; பின்னதில் உள்ள கட்டுடலும் நிலைத்த பார்வையும் உடையவரைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. அனுப்பப்பட்ட ஓவியர் தம் கடமையைச் செய்தார். அவர் கொணர்ந்த முகத்தைக் கனவின் முகத்தினும் மேலாகப் பேரரசர் எண்ணிப்பார்த்தாரோ இல்லையோ, அது ஓவியர் பிழையன்று.

பகை மூண்ட பின்னும் அப்படம் மறைந்துபோகவில்லை. முகலாயர் சாலையில் நல்ல உருவப்படம் ஒன்று கிடைத்தால், ஒளி ஊடுருவும் மெல்லிய மான்தோலை அதன்மேல் வைத்துக் கோடுகளைப் படியெடுப்பர். தோலின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தூவி வேறு தாளில் உருவத்தை இறக்குவர். இவ்வாறு ஒரு முகம் தலைமுறை தலைமுறையாகப் பல ஓவியர் கைக்குச் செல்லும். பாரசீகத்தைக் கண்ணாற் காணாத பிற்கால ஓவியரும் ஷா அப்பாஸை எழுத நேர்ந்தபோது, நீண்ட மீசையும் எளிய உடையும் கொண்ட அவ்வுருவத்தையே எழுதினர். இந்தியாவில் ஷா அப்பாஸ் என்றவுடன் மனத்தில் எழுந்த முகம் பிஷன்தாசர் கண்ட முகமே.

பிறர் முகங்களை எழுதி வாழ்நாளைக் கழித்த இவர் முகம் எவ்வாறிருந்தது? இதற்கும் விடையுண்டு. 1610ஆம் ஆண்டளவில், பாரசீகப் பயணத்திற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஜஹாங்கீர் தம் ஓவியருள் ஒருவராகிய தௌலத் என்பவரை அழைத்து, உடன் பணிபுரியும் கலைஞரை எழுதுமாறு பணித்தார். தௌலத் தம்மையும், அபுல் ஹசன், மனோகர், கோவர்த்தன், பிஷன்தாசர் ஆகியோரையும் படச்சுவடி ஒன்றின் ஏட்டோரங்களில் சிறு சிறு உருவங்களாக எழுதினார். அவையின் பெருமக்களுக்கு நடுப்பக்கம் உரியது. ஓவியருக்கு ஓரம் கிடைத்தது. குல்ஷன் என்று பெயர்பெற்ற அச்சுவடி காலப்போக்கில் இந்தியாவை விட்டுப் பாரசீகம் சென்றடைந்தது. இப்போது தெஹ்ரான் நகரில் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் உள்ளது. பாரசீக மன்னர் முகத்தை இந்தியாவிற்குக் கொணர்ந்தவரின் முகம் பாரசீக நாட்டில் இருக்கிறது.